உள்ளான் மூலையும் ஃபோகஸிங் துணியும்

1. முதல் நாள்

கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் போட்டோகிராபராகச் சேர்ந்த முதல் நாள், ஒரு குருவிக் கூட்டைப் படம் எடுத்து வரச் சொன்னார்கள். நான் கூட்டையே கொண்டுவந்துவிட்டேன்.

என் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் நான் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தவன். ஸ்டுடியோவில் படம் எடுக்க வேண்டியவர்கள் நம்மிடம் வருவார்கள், நாற்காலியில் உட்காருவார்கள், தாடையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள். தூக்கணாங்குருவிக் கூடோ ஈச்ச மரத்தில் தொங்கிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடும் பொருளை எடுத்தால் படம் கலங்கும் என்பது தொழிலின் பாலபாடம். எனவே ஓலையோடு அறுத்துக் கொண்டுவந்து, மேஜைமேல் கட்டித் தொங்கவிட்டு, பின்னால் வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து எடுத்தேன். ஒவ்வொரு நாரும் எண்ணிக்கொள்ளலாம் போலத் தெளிவாக விழுந்திருந்தது.

துறைத் தலைவரான புரொபசர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கூடு நல்லா வந்திருக்கு. குருவி எங்க?"

"அது வரல சார்."

"வீட்டப் பேத்து எடுத்துக்கிட்டு வந்துட்டு, வீட்டுக்காரன் வரலங்கிறீங்க."

நல்லவேளையாக அது பாதியில் கைவிடப்பட்ட கூடு. ஆண் குருவி கட்டி, பெண் குருவி பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போய்விட்ட வகை. இல்லாவிட்டால் அன்றைக்கே என் உத்தியோகம் முடிந்திருக்கும்.

புரொபசர் என்னை உள் அறைக்கு அழைத்துப் போய் மர டிராயர்களை இழுத்துக் காட்டினார். பஞ்சில் வரிசையாக முட்டைகள். அடுத்த டிராயரில் பஞ்சு அடைத்த பறவைகள், காலில் சீட்டு கட்டி மல்லாந்து கிடந்தன. "இதெல்லாம் எனக்கு முன்னாடி இருந்தவங்க சேத்தது. இனிமே ஒண்ணுகூட உள்ள வரக் கூடாது. நம்ம பசங்க நாளைக்கு விவசாய அதிகாரியா வயலுக்குப் போவாங்க. கூட்டப் பாத்தா இன்ன பறவைன்னு அவங்களுக்குத் தெரியணும். அதுக்குப் படம் போதும்" என்றார்.

ஒரு பறவைக்கு மூன்று படம் வேண்டும் என்பது அவர் திட்டம்: கூடு, அளவுகோலோடு முட்டை, அடைகாக்கும் பறவை. அதோடு ஏழு விதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தார். இலையை வெட்டாதே, நூலால் ஒதுக்கிக் கட்டி, எடுத்த பின் அவிழ்த்துவிடு. முட்டையைத் தொடாதே, அளவுகோலைப் பக்கத்தில் வை. பறவை திரும்பி வராவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பு. கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாதே. இப்படிப் போகும்.

எனக்கு விதி என்றால் பிடிக்கும். செருப்பைக்கூட ஜோடி சேர்த்து ஒரே கோட்டில்தான் விடுவேன். ஏழையும் மனப்பாடம் செய்தேன். பறவை எப்படி நடந்துகொள்ளும், நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றெல்லாம் அவற்றில் இருந்தது. அந்த வயலில் வேலை செய்யும் மனிதர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அது எனக்கு அப்போது ஒரு குறையாகத் தெரியவில்லை. பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது.

2. ஆளில்லாத வயல்

எழுபதுகளின் தொடக்கம். குறுவை அறுவடைக் காலம். கீழ்வேளூருக்குக் கிழக்கே, பெயர் சொல்ல வேண்டாத ஓர் ஊரில், மயில் உள்ளான் கூடு ஒன்று எனக்குக் கிடைத்தது.

இந்தப் பறவையைப் பற்றி இரண்டு வார்த்தை. வயலோரச் சேற்றில் வாழும். ஊரில் வெறுமே உள்ளான் என்பார்கள். பிடித்துச் சாப்பிடவும் செய்வார்கள். இதில் பெண்தான் அழகி. கழுத்தெல்லாம் செம்பழுப்பு, கண்ணைச் சுற்றி வெள்ளை. ஆண் மங்கல். பெண் முட்டை இட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் ஆணின் பொறுப்பு.

கூடு இருந்தது ஒரு பெரிய வயலின் தாழ்ந்த மூலையில். அங்கே தண்ணீர் தேங்கி, நெல்லோடு கோரையும் மண்டியிருந்தது. கோரைத் தூருக்குள் நான்கு முட்டைகள், மஞ்சளில் கறுப்பு மை சிந்தியதுபோல. ஆண் பறவை மேலே படிந்து உட்கார்ந்திருந்தது. நான் கிட்டே போனதும் நழுவி இறங்கி, கோரைக்குள் நடந்து மறைந்தது. அவசரமாகக் கூட்டையும் முட்டையையும் படம் எடுத்துவிட்டு விலகினேன். சற்று நேரத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தது. இரண்டு படம் ஆயிற்று. மூன்றாவது, அடைகாக்கும் ஆண், பாக்கி.

அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. காரணம், அமைதி. கண்ணுக்கெட்டிய தூரம் நெல் தலை சாய்ந்து முற்றிக் கிடந்தது. ஓர் ஆள் இல்லை. பேச்சுச் சத்தம் இல்லை. பறவைப் படம் எடுக்க இதைவிட நல்ல சூழ்நிலை அமையாது என்று எண்ணிக்கொண்டேன். நான் பிறந்தது திருப்பனந்தாள். நெல்லுக்கு நடுவில் வளர்ந்தவன். முற்றிய வயலில் ஏன் ஆளே இல்லை என்ற கேள்வி டெல்டாவில் பிறந்த ஒரு கன்றுக்குட்டிக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. நான் லைட் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்காலுக்கு அப்பால் சாலையோரத்தில் ஒரு போலீஸ் கூடாரம் இருந்தது. அதைப் பார்த்து நான் எண்ணியது, பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து படம் எடுக்கும் நம் மறைவுக் கூடாரமும் அதே காக்கித் துணியில் தைத்திருந்தால் நன்றாக இருக்குமே என்பதுதான்.

பிறகு தெரிந்துகொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வயலில் கூலி உயர்வு கேட்டு உள்ளூர் ஆட்கள் அறுப்பை நிறுத்தியிருந்தார்கள். வெளியூர் ஆளை லாரியில் இறக்குவோம் என்று பண்ணை சொன்னது. இறக்கிப் பாருங்கள் என்று விவசாயத் தொழிலாளர் சங்கம் சொன்னது. அந்தப் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் இப்படிப்பட்ட பேச்சு எரிந்த குடிசையில் போய் முடிந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதனால் இரண்டு பக்கமும் பயந்துபோய், கூட்டாக உட்கார்ந்து பேசி, ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். உள்ளூர் ஆட்களே அறுப்பார்கள். புதுக் கூலி கொடுக்கப்படும். அறுப்பு முடியும்வரை வயலில் எந்தக் கொடியும் பறக்கக் கூடாது. மறுநாள் காலை அறுவாள் இறங்க வேண்டும்.

அந்த மறுநாளுக்கு முந்தின நாள்தான் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

3. துணி

விதிகளில் ஐந்தாவது, மறைவுக் கூடாரத்தைப் பற்றியது. அதைத் திடீரென்று கூட்டருகே நிறுத்தினால் பறவை மிரண்டு கூட்டைக் கைவிட்டுவிடும். எனவே முதல் நாள் சற்றுத் தள்ளி ஒரு கழி நட்டு, அதில் ஒரு துணியைக் கட்டிவிட்டு வர வேண்டும். பறவை அதற்குப் பழகும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்து கூடாரம்.

கழிக்கு மூங்கில் கிடைத்தது. துணிக்கு என்னிடம் இருந்தது ஃபோகஸிங் துணி ஒன்றுதான். பழைய மரக் கேமராவில் ஃபோகஸ் பார்க்கும்போது தலையை மூடிக்கொள்வோமே, அது. இளைய தலைமுறை பார்த்திருக்க மாட்டீர்கள். வெளிப்பக்கம் கறுப்பு, உள்பக்கம் சிவப்பு.

கறுப்பும் சிவப்பும் ஆளுங்கட்சிக் கொடியின் நிறம். சிவப்பு மட்டும் என்றால் சங்கத்துக் கொடியின் நிறம். என் துணி காற்றடிக்கும் திசைக்கு ஏற்ப இரண்டாகவும் இருக்கக்கூடியது. தமிழ்நாட்டில் வாக்களிக்கும் வயதை எட்டிய ஒருவன், எந்தக் கொடியும் பறக்கக் கூடாது என்று பேசி முடித்திருந்த ஒரு வயலில், அதைக் கழியில் கட்டி, உயரம் சரிபார்த்து, கழி சாய்ந்துவிடாமல் அடியில் களிமண் மிதித்து இறுக்கிவிட்டு, திருப்தியோடு கடைசி பஸ் பிடித்துப் போனான்.

பறவை பழகிக்கொண்டது என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். விதி சரியான விதிதான்.

4. "அளவுக்காக"

மறுநாள் காலை நான் போனபோது வயலோரம் ஊரே நின்றிருந்தது. அறுவாளோடு பெண்கள் ஒரு வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர் வரப்பில் பண்ணையின் காரியக்காரர் கோதண்டம், குடையோடு. நடுவில் போலீஸ் ஏட்டு ஒருவர். ஒருவரும் வயலில் இறங்கவில்லை. மூலையில் என் துணி நன்றாகப் பறந்துகொண்டிருந்தது.

பெண்கள் பக்கம் பேசியவர் பாக்கியம். அறுப்பு ஆட்களுக்கு அவர்தான் தலைவி. சங்கத்திலும் அவர் வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

"கொடி இல்லன்னாத்தான் அறுப்புன்னு பேசுனமா இல்லையா?" என்று காரியக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க ஆளு யாரும் நடல."

"செகப்பா இருக்கே."

"பின்னாடி கறுப்பு இருக்கு பாருங்க. எங்க கொடியில ஏது கறுப்பு? நீங்கதான் ஆளுங்கட்சிக்காரங்களக் கூப்பிட்டு நடச் சொல்லியிருக்கீங்க. அப்புறம் அவங்க லாரியில ஆள எறக்குவாங்க."

"நான் ஏம்மா அவங்களக் கூப்புடப் போறேன்? அவங்க வந்தா ஒங்களுக்கு முன்னாடி எங்களத்தான் தின்னுட்டுப் போவாங்க."

ஏட்டு என் பையையும் கேமரா முக்காலியையும் பார்த்தார்.

"சார் யாரு?"

"காலேஜ் மியூசியம்."

"எந்தக் கட்சி?"

"கட்சி இல்லீங்க. அந்தத் துணி என்னுதுதான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் நான் நேராக விஷயத்தைச் சொல்லியிருந்தால் இந்தக் குறிப்பு இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் எனக்கு நான்காவது விதி நினைவுக்கு வந்தது. கூடு இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லாதே. சுற்றிலும் பார்த்தேன். நூறு பேராவது இருப்பார்கள். எல்லோரும் உள்ளான் கறியின் ருசி தெரிந்தவர்கள். சொன்னால் கூடு போய்விடும். எனவே பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் சமாளிப்போம் என்று தீர்மானித்தேன். அந்தக் கலையில் எனக்குப் பயிற்சி கிடையாது.

"அது ஒரு அடையாளம். கவர்ன்மெண்ட் வேலை" என்றேன்.

"என்ன அடையாளம்?" காரியக்காரர்.

"அளவுக்காக நட்டது."

கூட்டுக்கும் கூடாரத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் நினைத்துச் சொன்னேன். காரியக்காரரின் குடை மெல்லக் கீழே இறங்கியது. நில உச்சவரம்பு அளவை பற்றி எல்லா ஊரிலும் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பண்ணை நிலம் பல பேர்களில் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அவர்களில் சிலர் இன்னும் பள்ளிக்கூடமே சேரவில்லை.

அவர் என்னைத் தனியே அழைத்தார். குரல் மாறிவிட்டது. "சார், மொதல்லயே சொல்லியிருக்கலாமே. எந்தப் பேர்ல இருக்குற நெலத்த அளக்குறீங்க? வீட்டுக்கு வாங்க, காப்பி சாப்டுட்டுப் பேசிக்கலாம்."

"இல்லீங்க, நான் அந்த அளவு இல்ல."

"புரியுது சார், வெளியில சொல்லக் கூடாது. நான் ஒண்ணும் கேக்கல."

இதற்குள் அந்த ஒரு வார்த்தை பெண்கள் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. பாக்கியம் எழுந்து நின்றார்.

"அளக்க வந்துட்டாங்களா? அப்ப இந்த நெலம் பண்ணைக்கு இல்லேன்னு ஆவப் போவுது. பண்ணைக்கு இல்லாத நெலத்துல பண்ணைக்காக நாங்க ஏன் அறுக்கணும்? ஒக்காருங்கடி."

எழுந்தவர்கள் எல்லாம் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒரு துணியால் சந்தேகம் மட்டும்தான் உண்டாகியிருந்தது. ஒரு வார்த்தையால் அறுப்பையே நிறுத்திவிட்டேன். அதுவும் இரண்டு தரப்பையும் ஒரே நேரத்தில். மாவட்ட நிர்வாகத்தால்கூட அப்படிச் செய்திருக்க முடியாது.

கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வரப்பில் இருந்த ஓர் அம்மா, யாரிடம் என்றில்லாமல், "மழ பேஞ்சா நெல்லு இங்கயே மொளச்சிரும். அப்புறம் கூலியா மொளையத்தான் அளந்து போடுவாங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அறுப்பு நின்ற நாளிலிருந்து அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது என்று அப்போதுதான் முதல் முறையாக யோசித்தேன். நான்கு முட்டைக்காக நான் வாயை மூடிக்கொண்டு நின்றால், இவர்கள் இன்னும் எத்தனை நாள் உட்கார வேண்டியிருக்கும் என்று தெரியவில்லை.

நான்காவது விதியை மீறினேன். ஊர் கேட்கச் சத்தமாகவே மீறினேன். "அது கொடியும் இல்ல, அளவையும் இல்ல. அங்க ஒரு உள்ளான் அடைகாக்குது. அதப் படம் எடுக்கணும். அது பயப்படாம இருக்கத் துணி கட்டினேன்."



"சார்" என்றார் ஏட்டு, "இதுக்கு அந்த அளவையே நம்புற மாதிரி இருந்துச்சு."

5. விவகார நிலம்

நம்ப வைக்க ஒரே வழி, காட்டுவது. எல்லோரும் வந்தால் கூடு மிதிபட்டுவிடும், இரண்டு பேர் மட்டும் வாருங்கள் என்று கேட்டேன். தரப்புக்கு ஒருவர் என்று பாக்கியமும் காரியக்காரரும் வந்தார்கள். கோரையை நான் விரலால் ஒதுக்கினேன். முந்தின நாள் நழுவிப்போன ஆண் பறவை, இன்றைக்கு என்ன நினைத்ததோ, முட்டைமேல் அப்படியே படிந்து, எங்களைப் பார்த்தபடி இருந்தது.

"இதுதான் தாயா?" என்று பாக்கியம் கிசுகிசுத்தார்.

"இது ஆம்பள. இந்தச் சாதியில ஆம்பளதான் அடைகாக்கும்."

"பொட்ட எங்க?"

"முட்டை போட்டுட்டுப் போயிரும். வேற ஆணைத் தேடிக்கும்."

பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். "காரியக்காரரே, இந்தச் சட்டத்த ஒங்க வீட்டுல கொண்டாந்தா எப்புடி இருக்கும்?"

"மொதல்ல ஒங்க சங்கத்துல தீர்மானம் போடுங்க, பாக்கலாம்."

அந்த வயலில் இரண்டு தரப்பும் சேர்ந்து சிரித்தது பல மாதங்களில் அதுதான் முதல் தடவை என்று பிறகு ஏட்டு சொன்னார். எனக்கும் பெருமையாக இருந்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

"சரி, இந்த மூலைய மட்டும் விட்டுட்டு அறுங்க. குஞ்சு பொரிச்சதும் அறுத்துக்கலாம்" என்று நான் சாதாரணமாகச் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வயலில் கடைசிக் கைப்பிடி அரியும் விழுந்து, கட்டு களம் சேர்ந்த பிறகுதான் கூலி நெல் அளப்பார்கள். ஒரு முழம் நின்றாலும் அறுப்பு முடியவில்லை என்று தள்ளிப் போடலாம். தள்ளிப் போட்டதும் உண்டு.

"மூல நின்னா அறுப்பு முடியலம்பாரு" என்றார் பாக்கியம். "குஞ்சு பொரிக்கிற வரைக்கும் எங்க வீட்டுல என்னத்தப் பொங்குறது?"

"இன்னிக்கு உள்ளானுக்குன்னு ஒரு மூலைய விட்டா, அடுத்த வருசம் கொக்குக்குன்னு ஒரு மா நெலத்த விடுவாங்க. விட்டுட்டு அளந்து போடும்பாங்க" என்றார் காரியக்காரர்.

"அப்ப அறுத்துரலாம். என்ன சார்?" பாக்கியம் என்னைப் பார்த்தார். குரலில் கடுமை இல்லை. என்னிடம் பதில் இருக்கிறதா என்று உண்மையாகவே கேட்டார். என்னிடம் இருந்தது ஏழு விதிகள். எட்டாவதாக ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

வழி கண்டுபிடித்தவர் காரியக்காரர்தான். பறவைமேல் இரக்கத்தால் அல்ல. மழை இறங்குவதற்குள் நெல் களம் சேர வேண்டும். அதற்கு எந்தக் கதவு திறந்தாலும் சரி என்ற நிலையில் இருந்தார். கோர்ட்டு வராந்தாவில் பாதி ஆயுளைக் கழித்தவர்.

"விவகாரத்துல இருக்குற நெலம்னு ஒண்ணு உண்டுல்ல? தீர்ப்பு வர்ற வரைக்கும் அது கணக்குல வராது. மீதிய அனுபவிக்கலாம். இந்த மூல விவகாரம். மத்ததெல்லாம் வயலு. மத்தத அறுத்தா அறுப்பு முடிஞ்சுதுன்னு வச்சுக்கறேன். கூலி அளந்துர்றேன்."

"எல்லார் முன்னாடியும் சொல்லுங்க" என்றார் பாக்கியம்.

"சொல்றேன். ஆனா விவகார நெலத்துல ரெண்டு தரப்பும் எறங்கக் கூடாது."

"எறங்க மாட்டோம். மூணாவது தரப்பு?"

"மூணாவது யாரு?"

பாக்கியம் என்னைக் காட்டினார்.

நான் அவசரமாகச் சொன்னேன். "நான் தரப்பு இல்லம்மா. நான் அந்தப் பறவைக்காகத்தான் பேசுறேன். ஒரு படம் பாக்கி இருக்கு. கூடாரத்துக்குள்ள சத்தம் போடாம உக்காந்திருப்பேன்."

"நாங்களுந்தான் சத்தம் போடாம ஒக்காந்திருந்தோம். இந்த மூல ஒங்களாலதான விவகாரம்? கொடி நட்டது யாரு?"

"துணிம்மா."

"நட்டது யாரு?"

ஏட்டு தலையை ஆட்டினார். சட்டப்படி அது சரியான வாதம் என்று அவர் கருதியது தெரிந்தது. மூன்று தரப்பும் குஞ்சு பொரிக்கும்வரை அந்த மூலையில் இறங்கக் கூடாது. துணியை உடனே அகற்ற வேண்டும். பொரித்த பின் அந்த மூலையை அறுக்கும் வேலை மூன்றாம் தரப்பைச் சேர்ந்தது. இந்தக் கடைசிச் சரத்தைப் பின்வரிசையில் இருந்து யாரோ எடுத்துக்கொடுத்தார்கள், ஒருமனதாக ஏற்கப்பட்டது. வரப்பில் ஏறி நின்று காரியக்காரர் உரக்கச் சொன்னார். பெண்கள் இறங்கினார்கள்.

நான் கழியைப் பிடுங்கினேன். களிமண் மிதித்து இறுக்கியிருந்ததால் சுலபத்தில் வரவில்லை. ஏட்டு வந்து ஒரு கை கொடுத்தார். மழை அன்று மாலைவரை பொறுத்தது. நெல் களம் சேர்ந்தது, கூலி அளக்கப்பட்டது. அறுத்த வயலில் அந்த மூலை மட்டும், முடி வெட்டும்போது பாதியில் எழுந்து ஓடிவந்தவன் தலைபோல நின்றது.

6. மூன்றாம் தரப்பின் அறுவடை

பொரித்த சேதியைப் பாக்கியம் பஸ் கண்டக்டர் மூலம் சொல்லி அனுப்பினார். நான் கேமராவோடு போனேன். கூட்டில் ஓடுகள் மட்டும் கிடந்தன. உள்ளான் குஞ்சுகள் பொரித்த சூட்டோடு நடந்துவிடும். எனக்காகக் காத்திருக்கும் என்று நான் எதிர்பார்த்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஒப்பந்தப்படி அறுவாளைக் கையில் கொடுத்தார்கள். பேண்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். பார்க்க வந்தவர்களின் கூட்டம் அன்றைய தகராறுக்கு வந்ததைவிடச் சற்றுத்தான் குறைவு. நான் அறுத்த தாள் ஒன்று முழங்கால் உயரம், ஒன்று கணுக்கால் உயரம்.

"சார், அது நெல்லு. முகச் சவரம் பண்ற மாதிரி தடவாதீங்க" என்றார் ஒருவர்.

"விடு, கவர்ன்மெண்ட் அறுப்பு" என்றார் பாக்கியம்.

பாதி அறுத்திருப்பேன். எனக்கு முன்னால் கோரை விலகியது. ஆண் உள்ளான் வெளியே வந்தது. பின்னால் நான்கு குஞ்சுகள், ஒரே வரிசையில், வாய்க்காலை நோக்கி. மூன்று கஜ தூரம்கூட இருக்காது. வெயில் பக்கவாட்டில், மிருதுவாக விழுந்துகொண்டிருந்தது. அதைவிட நல்ல வெளிச்சத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. என் கையில் அறுவாள் இருந்தது. கேமரா வரப்பில் இருந்தது.

"எடுங்க சார், நிக்குது பாருங்க" என்று பாக்கியம் மெதுவாகச் சொன்னார்.

நான் திரும்பியிருந்தால் அது குஞ்சுகளைச் சிதறவிட்டுப் பறந்திருக்கும். குனிந்தபடியே நின்றேன். ஐந்தும் தண்ணீர் ஓரப் புல்லில் மறைந்தன. இடுப்பு வேறு பிடித்துக்கொண்டுவிட்டது. நிமிர நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது. அதை நெறிமுறை என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். புரொபசரிடமும் அப்படியே சொன்னேன். அவர் நம்பினார். மூன்றாவது படம் இல்லாமலேயே உள்ளானின் பட அட்டை தொகுப்பில் சேர்ந்தது. வயலில் இறங்குமுன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேள் என்று எட்டாவது விதி ஒன்றைச் சேர்க்கச் சொல்லி நான் கேட்டபோது, "எட்டாவதாவா? இந்த ஏழையும் பின்னால தள்ளிட்டு அத மொதல்ல வைங்க" என்றார்.

பல வருடம் கழித்துக் கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டில் பாக்கியத்தைப் பார்த்தேன். அடையாளம் கண்டுகொண்டு அவராகவே வந்து பேசினார். இப்போது அவருக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் உண்டு, மகள் நர்ஸ். கூலிப் பேச்சு ஏதாவது ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், "அத உள்ளான் மூலையா வச்சுட்டு மத்தத முடிங்க" என்று ஊரில் சொல்வது வழக்கமாகிவிட்டதாம். ஒரு தடவை விட்டால் அதுவே வழக்கமாகிவிடும் என்று காரியக்காரர் பயந்தது நடந்தேவிட்டது. ஆனால் அந்த வார்த்தையை அதிகம் பயன்படுத்துபவரே அவர்தான் என்றார். மாவட்ட அமைதிக்கு நான் செய்த சேவை இது. பறவையியலுக்குச் செய்தது இரண்டு படம்.

இப்போது என்னிடம் தொழில் பழக வருகிறவர்கள் முதலில் லென்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். எத்தனை அடி தள்ளி நிற்பது, எந்த நிறத்தில் கூடாரம் தைப்பது என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் அவர்களை வெறுங்கையோடு ஒருமுறை வயலுக்கு அனுப்புகிறேன். நிலம் யாருடையது, வேலை செய்கிறவர் யார், இருவருக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்கிறேன். கேட்டு வந்தவர்களிடம் இன்னும் ஒன்று சொல்கிறேன். நாம் பறவையின் பக்கம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிறோம். பறவை அப்படி ஒன்றும் ஒப்புக்கொண்டதில்லை. அதன் கணக்கில் நாமும் இறங்கக் கூடாத ஒரு தரப்பு. இறங்கத்தான் வேண்டும் என்றால், அதை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள், சீக்கிரம் ஏறிவிடுங்கள்.